அத்தையின் பச்சிலைச் சாறும் இறங்காத பிபியும்

கேள்வி:

டாக்டர், நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். சொந்த வீடு, சின்ன மொட்டை மாடி. என் மாமியாருக்கு வயது 63. 12 வருடமாகச் சர்க்கரை, 8 வருடமாகப் பிபி. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று, டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று போடுகிறார். நாலு மாதமாக வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து, காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லிச் சாறு, ராத்திரி சிறுகுறிஞ்சான் பொடி. வறட்டு இருமலுக்கு அதிமதுரத்தை நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொள்கிறார், டீயிலும் போட்டுக் குடிக்கிறார். சர்க்கரை குறைந்திருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம். ஆனால் பிபி 160-க்குக் கீழே இறங்கவில்லை. கால் வீங்குகிறது, ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. ஈறிலும் ரத்தம் வருகிறது. எனக்கு இது நாலாவது மாதம். மூத்த பையனுக்கு 5 வயது, மார்கழி வந்தால் வீசிங். மாடியில் மூலிகைத் தோட்டம் போட ஆசைப்படுகிறேன். எதை வைக்கலாம், யார் எதைச் சாப்பிடலாம்? கால்வாய் ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் மண்டிக் கிடக்கிறதே, பறிக்கலாமா? “பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?” என்கிறார் அத்தை.

– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தோட்டத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் கண் நின்ற இடம் அதிமதுரம். அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். டீயில் போடுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் ஆயுர்வேதம் படித்தவன். பழைய வண்ணாரப்பேட்டையில் 19 வருடமாக இதே மருத்துவம்தான் பார்க்கிறேன். யஷ்டிமது என்று எங்கள் நூல்கள் சொல்லும் அதிமதுரம் இல்லாமல் என் மருந்து அலமாரியே கிடையாது. தொண்டை வறட்சிக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் அது அருமையான வேர். ஆனால் அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் என்ற பொருள், உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கி வைக்கும், பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். இரண்டு மூன்று நாள் சுவைத்தால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. நாலு மாதம், நாள் முழுக்க என்றால் பிபி ஏறும், கால் வீங்கும், தசை பிடித்து இழுக்கும். உங்கள் கடிதத்தில் இந்த மூன்றும் இருக்கின்றன.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அத்தை போடும் பிபி மாத்திரையில் இருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்துதான். மாத்திரை ஒரு பக்கம் குறைக்க, வேர் இன்னொரு பக்கம் குறைக்க, அது மிகவும் கீழே போனால் இதயத் துடிப்பே தாளம் தப்பும். அதனால் இந்த வாரமே ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பாருங்கள். சிறுநீரில் ஆல்புமின் போகிறதா என்று பாருங்கள். ஒரு இசிஜி எடுங்கள். பொட்டாசியம் 3.5-க்குக் குறைவாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். சர்க்கரை வந்து 12 வருடம் ஆனவருக்குக் கால் வீங்கினால் சிறுநீரகமும் இதயமும்கூடக் காரணமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் அதிமதுரத்தின் மேல் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. அதை நிறுத்திய பிறகும் அதன் வேலை ஓரிரு வாரம் உடம்பில் நீடிக்கும். “நிறுத்தியும் பிபி இறங்கவில்லையே” என்று மறுநாளே மறுபடி ஆரம்பித்துவிட வேண்டாம்.

அந்த இருமலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தனை நாளாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதிமதுரம் நாலு மாதமாக வாயில் இருக்கிறது என்றால் இருமலும் அவ்வளவு நாளாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இது நாடு முழுவதற்கும் உள்ள விதி. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறான், நீங்களும் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறீர்கள். சளிப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். காசநோய் இருக்காது என்றே நம்புவோம். ஆனால் தொண்டைக்கு இதமாக இருக்கும் ஒரு வேர், உள்ளே இருக்கும் நோயை நாலு மாதம் மறைத்துவிடலாம். என் அனுபவத்தில் பச்சிலையால் வந்த கெடுதலைவிட, பச்சிலையை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டதால் வந்த கெடுதல்தான் அதிகம்.

அடுத்தது சிறுகுறிஞ்சான். அதன் பச்சை இலையை ஒரு நிமிடம் மென்று துப்பிவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டுப் பார்த்தால் இனிப்பே தெரியாது, மணலைத் தின்பது போல இருக்கும். மதுநாசினி என்று பேர் வந்ததே அதனால்தான். இலையில் இருக்கும் ஜிம்னெமிக் அமிலம், நாக்கில் இனிப்பை அறியும் இடங்களைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கிறது. ரத்தச் சர்க்கரையையும் அது ஓரளவு குறைக்கும். நானே சிலருக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கிளிமிபிரைடு போடுகிறவருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கொடுக்க மாட்டேன். கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. சாப்பாடு குறைந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதோடு ராத்திரிப் பொடியும் சேர்ந்தால் விடியற்காலையில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் மாத்திரை உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது, ஆபத்து இன்னும் கூடும்.

சில வருடம் முன்பு காசிமேட்டிலிருந்து ஒரு பாட்டியை விடியற்காலை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது, பேச்சு குழறியது. பக்கவாதம் என்றுதான் வீட்டில் நினைத்திருக்கிறார்கள். சர்க்கரை பார்த்தால் 42. ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை, மாத்திரையும் போட்டு, யாரோ கொடுத்த பொடியையும் குடித்திருக்கிறார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அந்தக் காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் பொடியை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் காலையிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை பார்த்துக் குறித்து வையுங்கள். அளவு ஏறினால் பயப்பட வேண்டாம், குறிப்பை அவருடைய டாக்டரிடம் காட்டி மாத்திரையைச் சரிசெய்துகொள்ளலாம். மாத்திரையை விட்டுவிட்டுப் பொடியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று அத்தை கேட்பார். வேண்டாம். அப்புறம் ஒன்று, வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பமான பேச்சு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். தெளிந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், கிளிமிபிரைடு மறுபடி சர்க்கரையை இறக்கக்கூடியது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தப் பொடி எங்கே வாங்கியது என்று எழுதவில்லை. பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்ந்த சரக்குகளின் பெயர் எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குப்பையில் போடுங்கள். லேபிள் இல்லாத சர்க்கரைப் பொடிகளில் ஆங்கில மருந்தையே அரைத்துக் கலப்பதும், மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பதும் நடக்கிற காரியம். ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று மூலிகை மருந்துகளுக்கு வரம்பே இருக்கிறது. பெயரில்லாத பாக்கெட்டை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

கீழாநெல்லி விஷயத்தில் எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். நம் ஊர்க்காரர்களுக்கு அந்தச் செடி மேல் இருக்கும் நம்பிக்கை சும்மா வந்ததல்ல. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்து, அதை லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்த அளவுக்குப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நான் சொல்வேன். பாதியை மட்டும் சொல்லி யாரையும் குடிக்க வைக்க மாட்டேன்.

உங்கள் அத்தைக்கு மஞ்சள் காமாலை இல்லை. கல்லீரலைச் “சுத்தம்” செய்வதற்காகத்தான் குடிக்கிறார். கல்லீரல் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும், அதற்குத் தினமும் சாறு தேவையில்லை. கீழாநெல்லி சிறுநீரைக் கூட்டும், சர்க்கரையையும் கொஞ்சம் இறக்கும். ஏற்கெனவே இரண்டு மாத்திரை போடுகிறவருக்கு இது மூன்றாவது கை. நிறுத்தலாம்.

மஞ்சள் காமாலை என்றதும் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. நம் பக்கத்துத் தெருக்களில் மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக, நாற்றத்தோடு வருவது உங்களுக்குத் தெரியும். சாக்கடை கலந்த தண்ணீரில் பரவுவது ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் ஹெபடைடிஸ் ஈ, கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பிரசவம் வரைக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தே குடியுங்கள். கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வையுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினால், யார் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாலும் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டில் படுத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை.

“பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?” என்று கேட்கும் அத்தைக்கு, என்னைவிடப் பெரியவர் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். ஆயுர்வேதத்தின் மூல நூலான சரக சம்ஹிதையின் முதல் அத்தியாயத்திலேயே அது இருக்கிறது. காட்டில் ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கும் வனத்தில் வாழ்பவர்களுக்கும் செடிகளின் பேரும் உருவமும் தெரியும். ஆனால் பேரும் உருவமும் தெரிந்ததாலேயே ஒருவருக்கு மருந்து தெரிந்துவிடாது, யாருக்கு, எப்போது, எப்படிக் கொடுப்பது என்று தெரிந்தவனே வைத்தியன் என்கிறது அந்த நூல். அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறது: முறையாகக் கொடுத்தால் கடும் விஷமும் நல்ல மருந்தாகும், முறை தவறினால் மருந்தும் கடும் விஷமாகும். பக்கவிளைவே இல்லை என்ற பேச்சு ஆயுர்வேதத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது விளம்பரக்காரர்கள் கொண்டுவந்தது. பாட்டியின் கைமருந்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பாட்டிகள் சளிக்குக் கஷாயம் கொடுத்தால் மூன்று நாள் கொடுப்பார்கள், அப்புறம் நிறுத்திவிடுவார்கள். நாலு மாதம் தொடர்ந்து கொடுத்ததில்லை. அப்போது கிளிமிபிரைடும் இல்லை.

இப்போது உங்களுக்கு. நாலாவது மாதத்தில் நீங்கள் கட்டாயம் ஒதுக்க வேண்டியது ஆடாதோடை. சளிக்கு அதைப் போல ஒன்று கிடையாது. இருமல் மருந்துகளில் வரும் புரோம்ஹெக்சின், ஆடாதோடையின் வாசிசின் என்ற சத்தை வைத்து உருவாக்கியதுதான். அதே வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் குணமும் உள்ளது. பிரசவம் எளிதாக நடக்க ஆடாதோடை வேரை அரைத்து அடிவயிற்றில் பற்றுப் போடும் பழைய வழக்கம் அதனால்தான் வந்திருக்க வேண்டும். ஆகவே உள்ளுக்கு வேண்டாம். சோற்றுக்கற்றாழைச் சாறும் வேண்டாம், தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பால் கடும் பேதியை உண்டாக்கும். நிலவேம்புக் குடிநீரை நீங்களாகக் குடிக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள், நம் பகுதியில் டெங்கு வராத மழைக்காலம் இல்லை. அதிமதுரத்தை நீங்களும் தினமும் சேர்க்க வேண்டாம். வாந்தி, குமட்டலுக்கு இஞ்சிச் சாறு அரைத் தேக்கரண்டி, தேனோடு ஒரு வேளை எடுக்கலாம். சீரகத் தண்ணீர் குடிக்கலாம், நெல்லிக்காய் சாப்பிடலாம். சமையலில் போடும் மஞ்சள், பூண்டு, மிளகு, கறிவேப்பிலைக்கெல்லாம் பயம் வேண்டாம்.

குழந்தை பிறந்ததும் வசம்பு பற்றிப் பேச்சு வரும், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். கையில் வசம்பு வளையல் போடுவதும், சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதும் நம் வீடுகளில் வழக்கம். பேர் சொல்லா மருந்து என்று ராத்திரியில் பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு மரியாதை. வசம்பில் இருக்கும் பீட்டா-அசரோன் என்ற பொருள் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியது தெரிந்து, அமெரிக்காவில் 1968-இல் உணவில் அதைச் சேர்க்கத் தடை போட்டார்கள். ஆயுர்வேதத்திலும் வசம்பை அப்படியே கொடுப்பதில்லை, சுத்தி என்ற முறையில் பக்குவப்படுத்தித்தான் மருந்தில் சேர்ப்போம். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம். வளையலும் குழந்தை வாயில் வைக்கும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

பையனின் வீசிங்குக்கு வருவோம். இன்ஹேலர் கொடுத்திருந்தால் அதுதான் முதல் மருந்து, எந்த இலையும் அதற்குப் பதில் ஆகாது. சளி கட்டி மூக்கு ஒழுகும் நாட்களில் கற்பூரவல்லி இரண்டு இலையைத் தோசைக் கல்லில் லேசாக வாட்டிப் பிழிந்து, அரைத் தேக்கரண்டி சாற்றில் கொஞ்சம் தேன் கலந்து காலையில் கொடுக்கலாம். மூன்று நாள் போதும். தூதுவளையை முள் நீக்கி நெய்யில் வதக்கித் துவையலாகவோ ரசமாகவோ வையுங்கள், வீடே சாப்பிடலாம். என் மனசுக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். சாப்பாட்டுத் தட்டில் வரும் மூலிகை தன் அளவைத் தானே வைத்துக்கொள்ளும். குடம் குடமாக ரசம் குடிப்பவர் யாரும் இல்லை.

நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது பெரியவர்களுக்குச் சரி. ஐந்து வயதுப் பையனைக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வை போட்டு உட்கார வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து தொடை, வயிறு வெந்துபோன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம். பூஜைக் கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு விஷம், கொஞ்சம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரும். மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்கு இடையில் குழி விழுந்தாலோ, பையன் முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். போகி அன்று காலை ஜன்னலைச் சாத்தி அவனை உள்ளேயே வையுங்கள். டயர் புகை அவனுடைய நுரையீரலுக்குச் செய்யும் கெடுதலை எந்த மூலிகையாலும் ஈடுகட்ட முடியாது.

கால்வாய் ஓரத்து வல்லாரை, பொன்னாங்கண்ணியைத் தொடாதீர்கள். இதில் நான் கொஞ்சமும் வளைய மாட்டேன். பக்கிங்ஹாம் கால்வாயிலும் கேப்டன் காட்டன் கால்வாயிலும் என்னென்ன கலக்கிறது என்று அங்கே வசிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தில் வளரும் வல்லாரை, நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி எல்லாம் தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை வேர் வழியாக இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். இலை மேல் இருக்கும் தூசியைக் கழுவலாம், இலைக்குள் போனதைக் கழுவ முடியாது. பார்ப்பதற்குச் செழிப்பாக இருப்பதும் ஏமாற்றும், சாக்கடை உரத்தில் எதுவும் செழிக்கும். ஞாபக சக்திக்கென்று அதைப் பறித்துப் பிள்ளைக்குக் கொடுத்தால், மூளையைக் கெடுக்கும் ஈயத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். மூலிகை எந்த நிலத்தில் பறிக்கப்பட வேண்டும் என்று எங்கள் நூல்கள் தனியாகவே சொல்கின்றன. சுடுகாடு, புற்று, அசுத்தமான இடங்களில் முளைத்ததை எடுக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து விதி. இந்தக் காலத்தில் ரயில்வே பாதை ஓரம், குப்பை மேடு, தொழிற்சாலைச் சுவர் ஓரம் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மாடிக்கு ஏறுவோம். செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றும் கலந்து பையில் நிரப்புங்கள். மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள். பழைய பெயிண்ட் டப்பாவில் துளசி வைக்காத மாடி நம் தெருவில் இல்லை, ஆனால் அதைத்தான் முதலில் தூக்கிப் போட வேண்டும், பழைய பெயிண்டுகளில் ஈயம் உண்டு. கடல் காற்று அடிக்கும் உங்கள் மாடியில் கற்பூரவல்லி கவலையில்லாமல் வளரும், ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே போதும். துளசியும் அப்படித்தான். தூதுவளைக்கு ஏற ஒரு கம்பி கட்டுங்கள், பையன் ஓடும் பக்கம் வேண்டாம், முள் குத்தும். வல்லாரையைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் அகலமான தொட்டியில் வையுங்கள், ஈரம் காயக் கூடாது. எண்ணூர், மணலிப் பக்கமிருந்து கரித்தூசி படியும் நாட்களில் இலையைப் பறித்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே சமையலுக்கு எடுங்கள். சித்திரை வெயிலில் நட்டால் பாதி கருகும், ஆடியில் ஆரம்பியுங்கள். மண் மூட்டையை நீங்கள் தூக்க வேண்டாம், வீட்டுக்காரர் தூக்கட்டும்.

நாற்று வாங்கும்போது பேரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பிரமி என்று கேட்டால் ஒருவர் நீர்ப்பிரமியைக் கொடுப்பார், இன்னொருவர் வல்லாரையைக் கொடுப்பார். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கேட்டால் பூங்காக்களில் தரையை மூடப் படரவிடும் அழகுச் செடியைக் கொடுத்துவிடுவார்கள், இரண்டிலும் மஞ்சள் பூதான். சீந்தில் கொடியை வேலியில் பார்த்து வெட்டிக் குடிப்பது கொரோனா காலத்தில் பரவியது. அதன் பிறகு 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி எழுதினார்கள். சீந்திலைப் போலவே இருக்கும் வேறொரு கொடியைத் தவறாக எடுத்திருக்கலாம் என்று எதிர்வாதமும் வந்தது. எந்தப் பக்கம் சரியாக இருந்தாலும், தெரியாத கொடியை நாமாக வெட்டிக் குடிக்கக் கூடாது என்பதில் சண்டை இல்லை. செடியைக் கண்ணால் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ள மாதவரம் தோட்டக்கலைப் பூங்காவுக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய் வாருங்கள். மருந்தாகச் சாப்பிட யோசனை வேண்டுமென்றால் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது.

கடைசியாக அத்தையின் ஈறு. இதற்கு ஒரு நல்ல மூலிகை சொல்கிறேன், அவருக்கும் மனசு ஆறும். திருவொற்றியூர் கோயிலில் மகிழ மரத்தைப் பார்த்திருப்பீர்கள், சுந்தரர் சங்கிலியாருக்கு அதன் அடியில்தான் சத்தியம் செய்து கொடுத்தார். அந்த மகிழம்பட்டைதான் ஆயுர்வேதத்தில் வகுளம், பல்லுக்கும் ஈறுக்கும் பேர்போனது. துவர்ப்பு, ஈறை இறுக்கும். கோயில் மரத்தில் கை வைக்காதீர்கள், ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் பட்டை கிடைக்கும். ஒரு மேசைக்கரண்டி இடித்த பட்டையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றவைத்து, வடிகட்டி ஆறியதும் காலையும் இரவும் வாய் கொப்பளித்துத் துப்பட்டும். உள்ளே போகாததால் மாத்திரைகளோடு மோதாது. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஈறு கெடுவதும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றுவதும் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும். பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிச் சுத்தம் செய்துகொண்டு, அதன் பிறகு இதைச் செய்யட்டும்.

டாக்டரிடம் போகும்போது அத்தை குடிக்கும் எல்லாப் பொடி, வேர், சாறு எல்லாவற்றையும் மாத்திரை அட்டைகளோடு ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். அத்தையிடம் இந்தப் பதிலை நீங்கள் படித்துக் காட்டுவதைவிட, பிபி பார்க்கும் கருவியை வைத்துக்கொண்டு, அதிமதுரம் நிறுத்திய நாளிலிருந்து தினமும் காலையில் அவரையே எண்ணை எழுதச் சொல்லுங்கள். மூன்று வாரத்து எண்களும் பொட்டாசியம் ரிப்போர்ட்டும் சளிப் பரிசோதனை முடிவும் கையில் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.